பத்து வயதுச் சீட்டும் ஒன்றரை ஏக்கர் புல்லும்

கேள்வி: வணக்கம் டாக்டர் ஐயா. எனக்கு 35 வயது. நியூசிலாந்தில் ஒரு கறிமாட்டுப் பண்ணையில் ஏழு வருடம் வேலை பார்த்துவிட்டு ஊருக்கே திரும்பிவிட்டேன். கோத்தகிரி பக்கம் அப்பா பெயரில் மூன்று ஏக்கர் இருக்கிறது. பாதி பழைய தேயிலை. இலைக்கு விலையும் இல்லை, பறிக்க ஆளும் இல்லை. மீதி ஒன்றரை ஏக்கர் சும்மா புல் மண்டிக் கிடக்கிறது. ஆறு காளங்கன்று வாங்கி, புல்லிலேயே வளர்த்து, ஒன்றரை இரண்டு வயதில் கறிக்கு விற்கலாம் என்று நினைக்கிறேன். பசுவைத்தானே வெட்டக்கூடாது, காளைக்குத் தடை இல்லையே. என்ன இனம் வாங்கலாம்? ஆறு கன்றுக்கு இடம் போதுமா? தேயிலையைப் பிடுங்கிவிட்டு அங்கேயும் புல் போடலாமா? வீட்டில் யாருக்கும் சம்மதமில்லை. மனைவி “பால்மாடு வாங்குங்க” என்கிறாள். அப்பா, “ரத்த மூத்திரம் வந்து ரெண்டு மாடு போச்சு, இந்த மண்ணுக்கு மாடே ஆகாது” என்கிறார்.
— வாசகர், கோத்தகிரி வட்டம்

பதில்:

தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இனம், தீனி, இடம் பற்றியெல்லாம் பேசலாம். அதற்கு முன்னால், பேச்சோடு பேச்சாக நீங்கள் எழுதியிருக்கும் ஒரு வரியைத் திருத்த வேண்டியிருக்கிறது. ஏனென்றால் உங்கள் திட்டம் முழுக்க அந்த வரியின் மேல்தான் நிற்கிறது.

ஒன்றரை வயதுக் காளையைத் தமிழ்நாட்டில் சட்டப்படி கறிக்கு வெட்ட முடியாது. 1958-ஆம் ஆண்டின் தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டம் காளை, எருது, பசு, கன்று, எருமை எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான். வெட்டுவதற்குத் தகுதியானது என்று சீட்டு வாங்க வேண்டும். அந்தச் சீட்டு கிடைக்க மாடு பத்து வயதைத் தாண்டியிருக்க வேண்டும், உழைப்புக்கும் இனவிருத்திக்கும் உதவாமல் போயிருக்க வேண்டும். அல்லது காயம், ஊனம், தீராத நோய் என்று ஏதாவது ஒன்றால் நிரந்தரமாக முடங்கியிருக்க வேண்டும். பசுவையும் இன்னும் கன்று ஈனாத கிடாரியையும் இறைச்சிக்கூடங்களில் வெட்டவே கூடாது என்று 1976 ஆகஸ்டில் தனியாக அரசாணையும் போட்டார்கள். நீங்கள் கேள்விப்பட்டது அந்த அரசாணையைப் பற்றித்தான் இருக்கும். பாதிச் செய்திதான் உங்கள் காதுக்கு வந்திருக்கிறது.

வயதுக்கு அத்தாட்சி பல்தான். வாயைத் திறந்து பார்ப்போம். இரண்டு பல், நாலு பல், ஆறு பல் என்று ஏறி, ஐந்து வயதுவாக்கில் கடை சேர்ந்துவிடும். அதற்குப் பிறகு தேய்மானத்தை வைத்துத்தான் கணிப்பது. உங்கள் ஒன்றரை வயதுக் காளை பால்பல்லோடு நிற்கும். அதைப் பத்து வயது என்று எழுத எந்தக் கையும் வரக்கூடாது.

நியூசிலாந்தில் நீங்கள் பார்த்தது வேறு கணக்கு. பால் பண்ணையில் பிறக்கும் பிரீசியன் காளங்கன்றை அங்கே வாங்கி, புல்லிலேயே வளர்த்து, 18 முதல் 24 மாதத்தில் அனுப்பிவிடுகிறார்கள். மாடு வேகமாக வளரும் வயது அதுதான். தின்ற புல் சதையாக மாறுவதும் அந்த வயதில்தான். லாபம் முழுக்க அந்த இரண்டு வருடத்துக்குள் அடங்கிவிடுகிறது. இங்கே அதே கன்றுக்குப் பத்து வருடம் தீனி போட்டுப் பாருங்கள். சராசரி 300 கிலோ எடையுள்ள மாடு ஒரு நாளைக்கு ஏழரை கிலோ உலர்தீனி, அதாவது ஈரம் போக மிஞ்சும் தீனி, தின்னும். நம் மலைப்புல் நூறு கிலோ வெட்டினால் இருபது கிலோ உலர்தீனி தேறுவதே பெரிது. ஆக, தினமும் 37 கிலோ பச்சைப்புல். வருடத்துக்குப் பதின்மூன்று டன்னுக்கு மேல். நாலைந்து வயதோடு மாடு வளர்வது நின்றுவிடும். மிச்ச ஐந்தாறு வருடத் தீனி உடம்பைத் தாங்கிப் பிடிக்கத்தான். அதனால் நம் மாநிலத்தில் மாட்டுக்கறி என்பது பயிர் செய்து எடுக்கும் விளைச்சல் கிடையாது. உழுது முடித்த, வண்டி இழுத்து ஓய்ந்த மாட்டின் கடைசி விலை, அவ்வளவுதான்.

“எல்லாரும் தரகரிடம் விற்கிறார்களே, லாரி கேரளாவுக்குப் போகிறதே” என்று கேட்பீர்கள். போகிறது. அந்த வழியில் மாட்டுக்கு விலை சொல்பவர் தரகர்தான், கண்பார்வையில் எடை போடுபவரும் அவர்தான். 2017 மே மாதம் சந்தையில் கறிக்கு மாடு விற்கக்கூடாது என்று மத்திய அரசு விதி போட்டது. ஒரே வாரத்தில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்த விதியை நிறுத்தி வைத்தது, பிறகு உச்ச நீதிமன்றம் அந்த நிறுத்திவைப்பை நாடு முழுவதற்கும் நீட்டியது. அந்த இடைவெளியில் மாடு கையில் இருந்தவர்கள் பட்ட பாட்டை நான் பார்த்தேன். சேமிப்பைப் போட்டு இறங்குகிற இளைஞரை அந்த வழியில் போகச் சொல்ல எனக்கு மனமில்லை.

அதற்காக ஏழு வருடம் வீண் என்று நினைத்துவிடாதீர்கள். நம் மலையில் பால்மாடு வைத்திருப்பவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. கன்றை ஒழுங்காக வளர்க்கிறவர்கள் குறைவு. வீட்டுக்கு ஒரு ஜெர்சி கலப்பு மாடு, பாலெல்லாம் சொசைட்டிக்கு. கன்றுக்குக் காம்பில் மிஞ்சியதுதான். பசுங்கன்று வயிறு பெருத்து, மயிர் சிலிர்த்து, இரண்டரை வயதாகியும் பருவத்துக்கு வராமல் நிற்கும். என் பணிக்காலத்தில் “டாக்டர், சினை பிடிக்கலை” என்று என்னிடம் கொண்டுவந்த கிடாரிகளில் பெரும்பாலானவற்றுக்குக் கருப்பையில் ஒரு கோளாறும் இல்லை. எடைதான் இல்லை.

எடை ஏற்றுவது உங்கள் தொழில். கறிமாடு வளர்த்தவருக்கு, இந்தக் கன்று ஒரு நாளைக்கு எத்தனை கிராம் ஏறுகிறது என்று பார்க்கும் கண் இருக்கும். அந்தக் கண்ணைக் கிடாரி வளர்ப்புக்குத் திருப்புங்கள் என்பதுதான் என் யோசனை. பால் மறந்த மூன்று, நான்கு மாதப் பசுங்கன்றுகளைச் சுற்று வட்டாரத்திலேயே வாங்குங்கள். பதினாறு மாதத்தில் 230 கிலோவுக்குக் கொண்டுவந்து சினை ஊசி போடுங்கள். ஏழு மாதச் சினையில் விற்றுவிடுங்கள். பிறக்கும்போது 25 கிலோ, 480 நாளில் 230 கிலோ என்றால் தினம் 425 கிராமுக்கும் கொஞ்சம் மேல். நீங்கள் அங்கே பார்த்த வேகத்தில் இது பாதிகூட இருக்காது. ஆனாலும் இந்த ஊர் வழக்கத்துக்கு இது பெரிய எண். கையில் வாங்குகிற முதல் நாளே கன்று பின்தங்கித்தான் இருக்கும். அதையும் சேர்த்து ஈடுகட்ட வேண்டும். தலையீற்றுச் சினைக் கிடாரியை வாங்க ஆள் தேடி அலைய வேண்டியதில்லை, பால்காரர்கள் வீட்டுக்கே வருவார்கள். சீட்டும் தேவையில்லை.

எடை மேடை இல்லையென்றால் தையல்காரர் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவை அங்குலத்தில் எடுங்கள். தோள்முனையிலிருந்து பின்புட்டத்து எலும்பு வரை நீளம் எடுங்கள். சுற்றளவை அதாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் கிலோ வரும். சுற்றளவு 60, நீளம் 48 என்றால் சுமார் 262 கிலோ. மாதம் ஒருமுறை, ஒரே நேரத்தில், தீனி வைக்கும் முன் அளந்து ஒரு நோட்டில் எழுதுங்கள். ஏறாத கன்று எது என்று நோட்டு காட்டிக்கொடுத்துவிடும்.

இனி இடம். உங்கள் “சும்மா மண்டிக் கிடக்கும் புல்” பெரும்பாலும் கிக்குயுவாகத்தான் இருக்கும். கென்யாவின் கிக்குயு மக்கள் பெயரைத் தாங்கி வந்த கிழக்கு ஆப்பிரிக்கப் புல். நியூசிலாந்தின் வடக்கு முனையில் வேலை பார்த்திருந்தால் உங்களுக்கும் பழகியதுதான். மிதித்தாலும் சாகாது, வெட்ட வெட்டத் தழைக்கும். ஆனால் முழங்கால் உயரம் வளரவிட்டால் அடியில் பஞ்சுமெத்தை மாதிரி காய்ந்த தண்டு சேர்ந்துவிடும். அதில் சத்து கிடையாது. முதலில் ஒருமுறை ஒட்ட வெட்டி எடுங்கள். பிறகு ஒன்றரை ஏக்கரை ஏழெட்டுத் துண்டாகத் தடுத்து, தண்டுக்கு நாலைந்து இலை வந்ததும் கன்றுகளை விட்டு, நாலு விரற்கடை உயரத்தில் வெளியேற்றுங்கள். மழைக்காலத்தில் ஒரு துண்டுக்கு 25, 30 நாள் ஓய்வு. மார்கழி, தையில் அதைப்போல் இரண்டு மடங்கு. பள்ளத்து நிலமாக இருந்தால் பனி விழுந்து நுனி கருகும். அந்த இரண்டு மாதத்துக்குச் சமவெளியிலிருந்து வைக்கோல் ஏற்றி வைத்துக்கொள்ள வேண்டும். லாரி வாடகையையும் செலவில் எழுதுங்கள். யூரியா தூவிய துண்டில் மூன்று வாரமாவது மாட்டை விடாதீர்கள்.

ஆறு வேண்டாம், நாலு கிடாரி போதும். ஐந்தாவது வாங்க ஆசை வரும்போது பிப்ரவரி மாதப் புல்லைப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். காட்டில் மேய்த்துக்கொள்ளலாம் என்ற கணக்கும் வேண்டாம். புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்காவுக்குள் மாடு மேய்க்கக் கூடாது என்று 2022-இல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. உங்கள் பக்கத்துக் காட்டில் சிறுத்தையும் காட்டெருமையும் வேறு இருக்கின்றன.

கிக்குயுவில் இரண்டு குறை. சோடியம் குறைவு, ஆக்சலேட் அதிகம், அது சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொள்ளும். அதனால் கன்றுக்குத் தினமும் ஒரு கைப்பிடிக்குள் கல்லுப்பும், அளவோடு தாது உப்புக் கலவையும் தவறாமல் வேண்டும். இது டாக்டர்கள் கண்டுபிடித்த விஷயம் என்று நினைக்க வேண்டாம். படுகர் ஊர்களான ஹட்டிகளில் மாட்டுக்கு உப்பு கொடுக்கவென்றே ஒரு பண்டிகை உண்டு. தோடர்களும் எருமைக்கு உப்புநீர் வைப்பதைச் சடங்காகச் செய்கிறவர்கள். இத்தனைக்கும் கிக்குயு இந்த மலைக்கு வந்து சேர்வதற்கு முன்பிருந்த வழக்கம் அது. இந்த மழையில் மண்ணில் உப்பு தங்காது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

காய்கறி மண்டியில் கேரட் தழை, கோஸ் இலை சும்மா கிடைக்கும். கேரட் தழை நல்லது. கோஸ் கொஞ்சமாக. பீட்ரூட் தழை வேண்டாம், கிக்குயுவின் ஆக்சலேட்டோடு அதுவும் சேரும். பச்சை ஏறிய, முளைவிட்ட உருளைக்கிழங்கு விஷம். எதுவானாலும் எப்போது மருந்தடித்தது என்று கேட்காமல் வாங்காதீர்கள்.

தேயிலையைப் பிடுங்குவது பற்றி: சரிவு நிலம் என்றால் வேண்டவே வேண்டாம். 2009 நவம்பரில் கோத்தகிரி, குன்னூர் பக்கம் மண் சரிந்து போனதை உங்கள் அப்பாவிடம் கேளுங்கள். செடியின் வேர் பிடித்து வைத்திருக்கும் மண்ணைப் புல் வந்து பிடிப்பதற்குள் ஐப்பசி மழை வந்துவிடும். தேயிலை அப்படியே இருக்கட்டும், சாணத்தை அங்கே போடுங்கள்.

இப்போது அப்பாவின் பேச்சுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்திலேயே என்னை நிறுத்தியது அந்த வரிதான்.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம், ஊட்டிக்கு மேற்கே ஒரு ஹட்டியில் ஒரு மாட்டைக் காட்டினார்கள். மூத்திரம் சிவப்பு. உண்ணிக் காய்ச்சல் என்று முடிவு கட்டி ஊசி போட்டேன். தெர்மாமீட்டர் வைத்தபோது காய்ச்சல் இல்லை. போன காய்ச்சல் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இரண்டு வாரத்தில் மறுபடி சிவப்பு, மறுபடி ஊசி. நாலு மாதம் அப்படியே ஓடியது. மாடு வெளுத்து, மெலிந்து, செத்தது. அறுத்துப் பார்த்தால் மூத்திரப்பை முழுக்கக் காலிஃபிளவர் மாதிரி கட்டிகள். வீட்டுக்கார அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஊசிக்குக் கொடுத்த காசைப் பற்றியும் பேசவில்லை. வேலியோரம் இடுப்பளவு நின்ற பெரணிச்செடியைக் காட்டி, “இதைத் தின்னா இப்படித்தான் ஆகும்னு எங்க மாமியார் சொல்லுவாங்க” என்றார். என் பாடப்புத்தகத்திலும் அது இருந்தது. நான்தான் செடியைப் பார்க்காமல் மாட்டை மட்டும் பார்த்திருக்கிறேன்.

ஆங்கிலத்தில் பிராக்கன் என்று சொல்லும் பெரணி அது. தீப்பிடித்த இடம், கைவிட்ட தேயிலை ஓரம், புளிப்பு மண் எல்லாம் அதற்குப் பிடித்த இடங்கள். குழந்தையின் மூடிய கை போலச் சுருண்டு முளைக்கும் இளங்குருத்தில்தான் நஞ்சு அதிகம். புல் குறைந்த மாதங்களில் மாடு அதைக் கடிக்கும். ஒருநாள் தின்றதும் ஒன்றும் தெரியாது. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் தின்றுவர மூத்திரப்பையில் கட்டி வந்து ரத்தம் கசியும். வந்தபின் மருந்து கிடையாது. கறக்கும் மாடு தின்றால் பாலிலும் அந்த நஞ்சு கொஞ்சம் இறங்கும். அதனால் இது மாட்டோடு முடிகிற விஷயமும் இல்லை.

சிவப்பு மூத்திரம் எல்லாம் பெரணியும் இல்லை. ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து இரண்டு மணி நேரம் ஆடாமல் வையுங்கள். அடியில் சிவப்பு தங்கி, மேலே தெளிந்தால் அது முழு ரத்தம். காய்ச்சலும் இல்லையென்றால் பெரணியைச் சந்தேகியுங்கள். தெளியாமல் பாட்டில் முழுக்கக் காப்பி நிறமாகவே நின்று, உடம்பு நெருப்பாகச் சுட்டு, தோலில் உண்ணியும் இருந்தால் அது உண்ணிக் காய்ச்சல். அன்றைக்கே ஊசி போட்டால் பிழைக்கும், தள்ளினால் பிழைக்காது, கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962-க்கு அழைத்துவிடுங்கள். கன்று ஈன்று மூன்று, நாலு வாரத்தில், காய்ச்சல் இல்லாமல் காப்பி நிறம் என்றால் உடம்பில் பாஸ்பரஸ் தீர்ந்திருக்கிறது. நம் மண்ணில் அதுவும் நடக்கும். அப்பாவின் இரண்டு மாடும் எதில் போயின என்று இனிச் சொல்ல முடியாது. ஆனால் மூன்றும் தடுக்கக்கூடியவை. மண்ணின் மேல் பழி போட வேண்டாம்.

ஆகவே கன்று வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது: ஒன்றரை ஏக்கரையும் ஓரமாகச் சுற்றி வாருங்கள். பெரணி இருந்தால் இலை விரியும் சமயமாகப் பார்த்து வெட்டுங்கள். ஒரு தடவை வெட்டினால் சிரிக்கும். வருடத்துக்கு இரண்டு, மூன்று முறை, மூன்று வருடம் விடாமல் வெட்டினால் கிழங்கு இளைத்துப் போகும். வெட்டியதைக் கொட்டகையில் படுக்கையாகப் போடாதீர்கள், கன்று மேயும். அதுவரை அந்த ஓரத்துக்கு வேலி. உண்ணிச்செடி (லாண்டானா) இருந்தால் அதையும் வேரோடு எடுத்துவிடுங்கள். அது ஈரலைக் கெடுத்து, வெயில் பட்ட தோலை உரியவைக்கும். சதுப்பாக நீர் நிற்கும் இடம் இருந்தால் அங்கேயும் விடாதீர்கள். நத்தை இருக்கும், அதன்வழி ஈரல் தட்டைப்புழு வரும். மழைக்கு முன்னும் பின்னும் குடற்புழு மருந்து கொடுக்கும்போது தட்டைப்புழுவுக்கும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள், சாதாரண மருந்து அதற்குக் கேட்காது.

வாங்கி வந்த கன்றை 21 நாள் தனியே கட்டுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கோமாரித் தடுப்பூசி. காட்டெருமை வந்து மேயும் ஊரில் இதைத் தவறவே விடக்கூடாது. நாலு முதல் எட்டு மாத வயதுக்குள் பசுங்கன்றுக்குக் கருச்சிதைவு நோய்த் தடுப்பூசி ஒரே ஒருமுறை. இரண்டையும் அரசு மருந்தகத்திலேயே போடுகிறார்கள். கொட்டகைக்கு மழை வரும் பக்கம் சுவர், மறுபக்கம் காற்று. இரவில் கதவு. திறந்த கொட்டகையில் கட்டிய கன்று சிறுத்தைக்குச் சோறு வைத்த மாதிரி.

கறிக்கென்றே ஏதாவது வளர்த்துப் பார்க்க வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டால் செம்மறியில் பாருங்கள். பத்து வயதுச் சீட்டு அதற்கு இல்லை, சுழற்சி மேய்ச்சலும் மின்வேலியும் உங்களுக்குக் கைவந்த வேலை. ஊட்டிக்குப் பக்கத்தில் சாண்டிநல்லாவில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் செம்மறி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கொடைக்கானல் மேல்மலையில் மன்னவனூரில் மத்திய அரசின் ஆட்டு நிலையம் இருக்கிறது. ஒரு நாள் போய், ஆட்டைவிட அங்கே புல்லை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வாருங்கள். ஆனால் நனைந்த நிலத்தில் செம்மறிக்குத் தட்டைப்புழு எமன். அதனால் முதல் வருடம் கிடாரி மட்டும் போதும் என்பேன்.

உங்கள் மனைவி சொன்ன பால்மாடு ஒன்று வீட்டில் இருக்கட்டும். கிடாரி விற்றுக் காசு வர ஒன்றேமுக்கால், இரண்டு வருடம் ஆகும். அதுவரை தவிட்டுக் கடைக்கு மாதாமாதம் பதில் சொல்ல அந்த மாடுதான். ஊசி போடும்போது பாலினம் பிரித்த விந்து கேளுங்கள். நூறில் தொண்ணூறு பசுங்கன்றாகப் பிறக்கும், ஊட்டியிலேயே அதைத் தயாரிக்கும் வசதியும் வந்துவிட்டது. மீதிப் பத்தில் உங்களுக்கு ஒரு காளங்கன்று பிறக்கத்தான் செய்யும். அதற்கும் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பாலை வயிறு நிறையக் கொடுங்கள். மூன்று மாதம் பால் கொடுத்து, காயடித்து, கீழ்நாட்டில் வண்டிக்குப் பழக்குகிறவர் யாராவது இருந்தால் நேரில் பார்த்துக் கொடுங்கள். பாதி விலைக்குப் போனாலும் பரவாயில்லை, அவர் வீட்டுத் திண்ணையில் ஒரு காப்பி குடித்துவிட்டு வாருங்கள்.